கார்புரேட்டரைக் கழற்றிய கோடை

எங்கள் அப்பாவுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் கார்புரேட்டர் வேலையில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது ஒன்று. தன் தங்கை தன் பேச்சைத் தட்டமாட்டாள் என்பது மற்றொன்று. முதலாவது ஊரே ஒப்புக்கொண்ட விஷயம். இரண்டாவதை அவர் ஒருவர்தான் நம்பிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது நடந்த கோடையில், இந்த இரண்டும் ஒரே காருக்குள் போய் மாட்டிக்கொண்டன.

ஆம்பூரில் பெங்களூர் ரோட்டின் மேலேயே அப்பாவின் ஒர்க்‌ஷாப். அதன் பின்னால் எங்கள் வீடு. நடுவில் ஒரு தகரக் கதவு, அது எப்போதும் திறந்தே கிடக்கும். காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இவர்களுக்கு என்ன ஜலதோஷமா என்று நாங்கள் பார்ப்போம். ஒரு வண்டி அடங்காமல் உறுமிக்கொண்டு வந்தால் அப்பா ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் பானட்டுக்குள் குனிவார். கால் சுற்று இந்தப் பக்கம், அரைக்கால் சுற்று அந்தப் பக்கம். வண்டி சாதுவாகிவிடும். பெட்ரோலும் காத்தும் புருஷன் பொண்டாட்டி, ஒண்ணு ஜாஸ்தியானா இன்னொண்ணு கத்தும் என்று அவர் அடிக்கடி சொல்வார். அம்மா காதில் விழும்படி சொல்லமாட்டார்.

அவரையும் மீறிய வண்டி ஒன்றே ஒன்றுதான். அது தோல் முதலாளியின் கார். முதலாளி என்றால் எங்கள் தெருக்கோடியில் இருந்த பெரிய தோல் ஷெட்டுக்கு முதலாளி. வருஷத்துக்கு ஒருமுறை ஜெர்மனிக்குத் தோல் சாம்பிளோடு போய் வருகிறவர். அந்தக் காரும் ஜெர்மன்காரன் செய்ததுதான். மெட்ராஸில் ஏதோ தூதரகத்தார் ஏலம் விட்டபோது எடுத்தது. என் பிறப்புக்கு ரொம்ப முந்தையது, பால் ஏடு நிறம், பின்பக்கம் இரண்டு சின்னச் சிறகுகள். ஆறு சிலிண்டர், இரட்டைக் கார்புரேட்டர். முதலாளி அதை வண்டி என்று சொல்லமாட்டார், பேகம் என்பார்.

பேகத்துக்கு ஒரு குணம் இருந்தது. வெயிலில் மேடு ஏறமாட்டாள். வேகாத வெயிலில், இன்ஜின் சூட்டில், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். அப்புறம் கார்புரேட்டருக்கு வருவது வெறும் காற்றுதான். ஒவ்வொரு கோடையிலும் முதலாளி குடும்பம் ஏலகிரி மலைக்குக் கிளம்பும். ஒவ்வொரு கோடையிலும் ஏதோ ஒரு வளைவில் கார் நின்றுவிடும். வீட்டுப் பெண்கள் புர்காவோடும் டிபன் கேரியரோடும் இறங்கி மர நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். யாராவது பஸ் பிடித்து வந்து சொல்ல, அப்பா மோட்டார் சைக்கிளில் போய் குழாய்க்கு ஈரச் சாக்கைச் சுற்றி வண்டியை எழுப்பிக்கொண்டு வருவார். கோளாறு கார்புரேட்டரில் இல்லை, சூரியனில் இருக்கிறது என்பது அப்பாவின் கட்சி. சூரியனை ரிப்பேர் பண்ண முடியாது என்பதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இனி அத்தையைச் சொல்ல வேண்டும். அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தாவும் ஆயாவும் போனபிறகு அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்தார். காலை பஸ்ஸில் வேலூருக்குப் போய் வந்து பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்திருந்தாள். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து தெருவிலுள்ள ரேடியோக்களை எல்லாம் பிரித்துச் சரி செய்துகொண்டிருந்தாள். அந்தச் சித்திரையில் பெங்களூரிலிருந்த ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அதே சித்திரையில் குடியாத்தத்திலிருந்து ஒரு பவர்லூம் வீட்டார் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல மனிதர்கள். எனக்குக்கூட ஒரு பாவாடைத் துணி கொண்டு வந்தார்கள். வேலை வேண்டாம், கல்யாணம்தான் என்று அப்பா முடிவு சொன்னார். பாஷை தெரியாத ஊரில் ஒரு பெண் தனியாக இருப்பதாவது என்றார். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள வேண்டியதை எல்லாம் என் வழியாகப் பேசினார்கள். தபால் ஆபீஸ் மாதிரி நான் தகரக் கதவு வழியாகப் போய் வந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த மரப்பெட்டி வந்தது.

முதலாளி ஜெர்மனியில் தன் தோலை வாங்குகிறவரிடம் பேகத்தின் குணத்தைச் சொல்லி அழுதிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, இதே இன்ஜினின் தம்பி ஒருவன் பிற்பாடு வந்தான், அவனுக்குக் கார்புரேட்டரே கிடையாது, மின்சாரமே பெட்ரோலை அளந்து பீய்ச்சும் என்று சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்காமல், உடைக்கப் போட்டிருந்த ஒரு தம்பியிடமிருந்து அத்தனை உறுப்புகளையும் கழற்றிப் பெட்டியில் வைத்து, தோல் ஷெட்டுக்கு வந்த இயந்திரச் சாமான்களோடு அனுப்பிவிட்டார்.

அப்பா ஆணியைப் பிடுங்கினார். மரச்சுருளுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பித்தளைப் பளபளப்பில் விரல் நீளக் குழல்கள் ஆறு, உருண்டையாக ஒரு பம்பு, கருப்புத் துணி சுற்றிய ஒயர் கட்டு ஒன்று. கடைசியில் ஒரு வெள்ளி நிறத் தகரப் பெட்டி. அதில் ஒரு பக்கம் மட்டும் வரிசையாகப் பொன்னிறப் பற்கள். நான் அதுவரை அவ்வளவு அழகான சாமானைப் பார்த்ததில்லை. கோயில் நகைப் பெட்டியைத் திறந்து காட்டியதுபோல் நின்றேன். அப்பா ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்து முதலாளியிடம் ஒன்றுதான் கேட்டார்.

"இதுல திருவுறதுக்கு ஸ்குரூவே இல்லயே?"

உண்மைதான். அப்பாவின் கை போய்த் தொடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது, பெட்டியை மூடி வையுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை தகரக் கதவைத் தாண்டி வந்தாள். யாரையும் கேட்காமல் ஒயர் கட்டை எடுத்து உதறினாள். பெட்டிக்கு அடியில் ஒரு பெரிய படம் மடித்துக் கிடந்தது. அதைத் தரையில் விரித்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் ஜெர்மன். கோடுகளுக்குப் பாஷை கிடையாது போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி, இதைத் தன்னால் மாட்ட முடியும் என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ மாட்டு. இது ஒரே மூச்சுல ஏலகிரி ஏறட்டும். அன்னிக்கி நானே உன்ன பெங்களூர்ல கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

காக்கா வெள்ளையாகப் பறக்கட்டும் என்று சொல்வோமே, அந்தக் கணக்கில்தான் அப்பா சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்றது தோல் மண்டியில் வளர்ந்த மனிதர். மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதன் அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். கையை எடுத்துவிட்டால் முடிந்தது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல அங்கே வழியில்லை. முதலாளி அப்பாவின் வலது கையைப் பிடித்துத் தன் தோள் துண்டை அதன் மேல் போட்டார். அத்தையின் கையையும் அதற்குள் இழுத்து வைத்தார். "வார்த்தை வந்துட்ச்சி மேஸ்திரி. நான் சாட்சி" என்றார். அப்பா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் சிரிப்பு நின்று வெகு நேரம் ஆகியும் அவர் அந்தக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து வேலை நடந்தது. இரும்பும் குழாயும் அப்பாவுக்கு, ஒயரும் பற்றவைக்கும் ஈயமும் அத்தைக்கு. அத்தை புடவைக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர்கள் முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அம்மா அவர்களுக்கு எட்டு விதமாகப் பதில் சொன்னாள்.

அப்பா அரைமனதாக வேலை செய்வார் என்று நீங்கள் நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். ஓடாத வண்டி ஒன்று தன் கூரைக்கடியில் நிற்பதை அவரால் தாங்க முடியாது. பெட்டியில் வந்த காற்றுக் குழாயின் துளைகள் பேகத்தின் துளைகளிலிருந்து நூலிழை விலகி நின்றன. அரத்தை வைத்துக்கொண்டு மாவு மாதிரி ராவிக்கொண்டே இருந்தார். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் பம்பைத் தொங்கவிட்டார். மிச்சப் பெட்ரோல் டாங்குக்கே திரும்பிப் போக இன்னொரு குழாய் இழுத்தார். தன் தங்கை ஊரை விட்டுப் போவதற்கான பாதையைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தபால் ஆபீஸ் வேலை போய்விட்டது என்பதுதான். அவர்கள் நேரடியாகவே பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஒயர இப்படி விடாதண்ணா, சூடு பட்டா உருகிடும் என்பாள் அத்தை. அப்பா அதைத் தள்ளிக் கட்டுவார்.

பெட்ரோலைப் பீய்ச்சும் அந்த ஆறு குழல்களை அத்தை ஒரு பிற்பகலில் சோதித்துப் பார்த்தாள். வெளியே புங்க மரத்தடியில் ஆறு ஊறுகாய் பாட்டில்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குழலை நிறுத்தியிருந்தாள். பெட்ரோல் விஷயம் என்பதால் பீடியோடு கிட்ட வருகிற எவனையும் விரட்டும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ரோட்டோரம் லாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்த மீசைக்கார டிரைவர் ஒருவரையே நான் பீடியைக் கீழே போட வைத்தேன். அந்தப் பெருமையில் திரும்பியபோது அத்தை இரண்டு ஒயர் முனைகளைத் தொட வைத்தாள்.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஆறு பாட்டிலுக்குள்ளும் ஒரே சமயத்தில் புகை மாதிரி ஒன்று விரிந்து அடங்கியது. மறுபடி டிக். மறுபடி ஆறு வெண்புகைக் கூம்புகள். அது பெட்ரோல் என்று நம்பவே முடியவில்லை. பனிக்காலத்து அதிகாலையில் பாலாற்று மணலின் மேல் மூடுபனி கிடக்குமே, அதை யாரோ அளந்து அளந்து பாட்டிலில் அடைப்பதுபோல் இருந்தது. என் கையிலெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பீடி விரட்டும் வேலையை மறந்தே போனேன். நல்ல வேளையாக மீசைக்காரரும் பீடியை மறந்துவிட்டிருந்தார்.

அத்தை நிறுத்தியதும் அப்பா குனிந்து பாட்டில்களைப் பார்த்தார். ஆறிலும் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நின்றது. விரலை வைத்து அளந்து பார்த்தார். மறுபடி அளந்தார். ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவு பெட்ரோல் போக வைப்பதுதான் அவர் இருபது வருஷமாகச் செய்துகொண்டிருந்த வேலை. பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தோள் துண்டால் துடைத்து வைத்தார். எனக்கு அத்தையை நினைத்துப் பெருமையாகவும் அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஏன் பாவம் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

முதல் முறை ஸ்டார்ட் செய்த அன்று அம்மா தட்டில் கற்பூரமும் குங்குமமும் கொண்டு வந்தாள். வெள்ளிப் பெட்டிக்குப் பொட்டு வைத்தே தீருவேன் என்றாள். அந்தப் பற்கள் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள் அண்ணி என்று அத்தை கெஞ்சி, கடைசியில் பானட்டின் மேல் பொட்டு வைப்பதாக உடன்பாடு ஆனது. அத்தை சாவியைத் திருப்பினாள். பின்னாலிருந்து, தேனீ கூட்டுக்குள் போவதுபோல் ஒரு ரீங்காரம் வந்தது. அது பம்பு. அப்புறம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

நான் பார்த்த வண்டிகள் எல்லாம் கிளம்புவதற்கு முன் இருமும், செருமும், ஆக்சிலேட்டரை நாலு முறை மிதிக்கச் சொல்லும். பேகம் ஒரு சத்தமும் போடாமல் ஓட ஆரம்பித்துவிட்டாள். பானட்டின் மேல் இருந்த குங்குமம்கூடச் சிந்தவில்லை. அப்பா என் கையில் நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றைக் கொடுத்து, அதன் முனையைக் குழலின் மேலும் பிடியை என் காதிலும் வைக்கச் சொன்னார். டிக் டிக் டிக் டிக். அந்தச் சின்னச் சத்தம் இப்போது உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிப் பெட்டிக்குள் ஒரு சாமி இருக்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். இன்ஜின் தாகம் என்று கேட்கும், பெட்டி சூட்டையும் காற்றையும் பார்த்து அளந்து ஊற்றும், அவ்வளவுதான் என்றாள். சாமியும் அதைத்தானே செய்யும் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி என்று முடிவானது. திங்கட்கிழமை குடியாத்தத்தார் தாம்பூலம் மாற்ற வருவதாக இருந்தது. வண்டி ஏறாது என்ற தைரியத்தில் அப்பா முன்பே சொல்லி வைத்த நாள் அது.

வெள்ளிக்கிழமை பேகம் நடுங்க ஆரம்பித்தாள். ஆறு சிலிண்டரில் ஒன்று விட்டு விட்டு வேலை செய்தது. சாயங்காலத்துக்குள் இன்னொன்றும் படுத்துக்கொண்டது. அத்தை ஒவ்வொரு ஒயராகப் பார்த்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். வைத்த ஈயத்தை எல்லாம் எடுத்து மறுபடி வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது, வண்டி மட்டும் ஓடவில்லை. மிச்சமிருந்தது வெள்ளிப் பெட்டி ஒன்றுதான். அதற்குள் ஏதோ செத்துப்போயிருக்க வேண்டும், அதற்கு மாற்று இந்தத் தேசத்திலேயே கிடையாது. சனிக்கிழமை மதியம் அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். சோப்பு போட்டும் போகாத கருப்பு நகக்கண்ணில் இருந்தது.

"திங்கக்கெழம அவங்கள வரச்சொல்லிடுங்க அண்ணி" என்றாள்.

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அத்தை அழவில்லை. நான்தான் அழுதேன். அழுகையைக் காட்டிக்கொள்ளாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். மதிய நேரம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பா மட்டும் தனியாக நின்று ஒரு குழலைக் கழற்றிக்கொண்டிருந்தார். தங்கை சொன்னது தகரக் கதவு வழியாக அவர் காதிலும் விழுந்திருக்கும். கழற்றிய குழலின் நுனியைப் பெருவிரலால் தடவினார். மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியது. அதை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூரில் எது ஒழுகினாலும் தோல்தான் வைத்து அடைப்போம். அடிபம்புக்குத் தோல் வாசர், ஸ்டவ்வுக்குத் தோல் வாசர், சைக்கிள் பம்புக்குத் தோல் வாசர். ஷெட்டுகளில் கழிக்கிற துண்டுத்தோல் எல்லார் வீட்டிலும் கிடக்கும். ஜெர்மனியிலிருந்து வந்த செம்பு வாசர்களில் பாதி கழற்றும்போதே நசுங்கியிருந்தன. அப்பா யோசிக்கவே இல்லை. நல்ல கெட்டித் தோலாகப் பார்த்து வட்டம் வட்டமாக வெட்டி பெட்ரோல் குழாய் இணைப்புகளில் போட்டு முறுக்கிவிட்டார். கார்புரேட்டர் காலத்தில் அது வருஷக்கணக்கில் தாங்கும். ஆனால் இந்தப் பம்பு பெட்ரோலை அசுர வேகத்தில் தள்ளுகிற பம்பு. தோல் பதப்படுத்தி முடியும்போது மிருதுவாக இருக்கட்டும் என்று கடைசியில் டிரம்மில் போட்டு மீன் எண்ணெய் ஊட்டுவார்கள். அந்த எண்ணெயைப் பெட்ரோல் கரைத்து இழுத்துக்கொண்டுபோய், தலைமுடி நுழையாத அந்தக் குழல் துவாரங்களில் பூசிவிட்டது. மெக்கானிக் ஆவதற்கு முன் அப்பா ஆறு வருஷம் தோல் ஷெட்டில் டிரம்மு பக்கம் வேலை பார்த்தவர். அந்த வாசனையை அவர் தூக்கத்திலும் கண்டுபிடிப்பார்.

அங்கே அவரையும் என்னையும் தவிர யாரும் இல்லை. எனக்கு அந்த மஞ்சள் பிசின் என்னவென்று தெரியாது. விரலைத் துண்டில் துடைத்துவிட்டுக் குழலை மாட்டி வைத்திருந்தால் பெட்டி செத்துவிட்டது என்றே எல்லோரும் நம்பியிருப்பார்கள். திங்கட்கிழமை தாம்பூலம் மாறியிருக்கும். குடியாத்தம் பக்கத்து ஊர்தான், நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அப்பா அந்தக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பஸ் ஒன்று போனது. அதன் பின்னால் மாட்டுவண்டி ஒன்று போனது. பிறகு திரும்பி, அத்தையைக் கூப்பிடு என்றார்.

அத்தை வந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினைப் பார்த்தே பேசினார். "பொட்டி நல்லாத்தான் கீது. உன் வேலயில ஒரு கொறயும் இல்ல. என் தோல் வாசர்தான் கெடுத்துட்ச்சி. கொழல கழுவிட்டு, செம்புல வெட்டிப் போட்டா ஓடிடும்."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவைக்கு மேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். நோயை மூக்காலேயே கண்டுபிடித்த அப்பாவை நினைத்து எனக்கு ஒரே ஆச்சரியம். அதற்கு மேல் அதில் ஒன்று இருப்பதாக எனக்குப் படவில்லை. பழைய செம்புக் குடம் ஒன்றின் அடிப்பாகம் அன்று வாசராக மாறியது. அம்மா தானாகவே அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மலையடிவாரத்தில் நின்றோம். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தை முதலாளி தேர்ந்தெடுத்திருந்தார். அப்பா ஸ்டியரிங்கில், பக்கத்தில் அத்தை, பின்னால் முதலாளியும் நானும். தார் ரோடு கானலில் நெளிந்தது. முதல் வளைவு, அடுத்த வளைவு. முதலாளியின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தன. வழக்கமாக நிற்கும் மரம் தெரிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்த மரம் கீழே, எங்களுக்குப் பின்னால், சின்னதாகப் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் மலை எங்களை ஒரு படி மேலே தூக்கி வைத்தது. கீழே வயல்களும் ஜோலார்பேட்டைத் தண்டவாளங்களும் கோலம் போட்ட மாதிரி விரிந்தன. இன்ஜின் ஒரு சொல் கூடப் பேசவில்லை. அப்படி ஒரு பரவசத்தை நான் அதற்குப் பிறகு விமானத்தில் ஏறியபோதுகூட அனுபவிக்கவில்லை. எங்களோடு சேர்ந்து அந்தப் பெட்டிக்குள்ளிருந்த சாமியும் மலையேறுவதாகவே நினைத்தேன்.

மேலே போய்க் கார் நின்றதும் குளிர்ந்த காற்று அடித்தது. முதலாளி இறங்கிப் பேகத்தின் பானட்டைத் தடவிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். அப்பா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அவரிடம் போய், "எப்போ மேஸ்திரி?" என்று மட்டும் கேட்டார்.

"வர்ற வாரம்" என்றார் அப்பா. அன்று சாயங்காலமே அவர் குடியாத்தத்துக்குப் போய், மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

முதலாளி பேகத்தையே கொடுத்தனுப்பினார். டிரங்குப் பெட்டி, ஜமக்காளம், அம்மா இடித்துக் கொடுத்த பொடிகள், இவற்றோடு நாங்கள் மூன்று பேர். அம்மா வீட்டிலேயே வழியனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று கார் எண்ணெயில் வழுக்குவதுபோல் போனது. பெங்களூரில் ஒரு மகளிர் விடுதியில் அத்தைக்கு இடம் சொல்லியிருந்தார்கள். வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கியாயிற்று. விடுதி அம்மாள் வந்து அத்தையைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, உள்ளே வரும்படி கை காட்டினாள்.

அப்போது அப்பா திடீரென்று பானட்டைத் திறந்தார். இன்ஜினை ஓடவிட்டார். சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது, வந்து பார் என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை திரும்பி வந்து அவர் பக்கத்தில் குனிந்தாள். இந்த ஒயர் எங்கே போகிறது என்று கேட்டார். சொன்னாள். அது எதற்கு என்றார். சொன்னாள். சூடு பார்ப்பது எது, காற்று பார்ப்பது எது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். அந்த ஒயர்களை எல்லாம் அத்தை சொன்ன இடத்தில் இழுத்துக் கட்டியவரே அவர்தான். அத்தையும் சலிக்காமல், முதல் தடவை சொல்வதுபோல, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். காவலாளி நின்று வேடிக்கை பார்த்தான். விடுதி அம்மாள் உள்ளே போய்விட்டு மறுபடி வெளியே வந்தாள்.

எனக்குப் பசித்தது. கோடை முழுக்க அந்த இன்ஜினோடு இருந்தவள் நான். கிட்டே போய்க் குனிந்து கேட்டேன். ஆறும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

"எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா. ஒரு கோளாறும் இல்ல" என்றேன், அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று, பெரிய மனுஷி மாதிரி.

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அத்தையைப் பார்த்தார். ஆமாம், சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பானட்டை மெதுவாக மூடினார். அத்தை என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் முன்சீட்டில் உட்கார்ந்து, எது எதற்கு என்று அத்தை சொன்ன ஒவ்வொன்றையும் அப்பாவுக்கு மறுபடி சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி உம் கொட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு அந்தப் புது இன்ஜின் இன்னும் சரியாகப் புரியவில்லை, பாவம், வாசலில் வைத்து அத்தை எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது, இனிமேல் கவலைப்பட வேண்டாம், எதுவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.